பாறை தானாக நின்றதா, ஆள் நிறுத்தியதா? களத்தில் பார்த்து முடிவுசெய்யும் முறை

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் நிற்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி, ‘இதை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது?’ சுமார் 6 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம். சரிவான பாறை மேல் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருக்கிறது. கேள்வி நியாயமானதே. ஆனால் ‘யார்’ என்று தொடங்கியதுமே பாதிப் பதிலை நாமே சொல்லிவிடுகிறோம். பாறையைப் படிக்கக் கற்றுக்கொள்கிறவர் வேறு மாதிரி கேட்கப் பழக வேண்டும்: இது இந்த நிலைக்கு வந்துசேர என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொரு வழியும் என்ன தடயத்தை விட்டுப்போகும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இருக்கிற சாட்சிகளில் வடிவம்தான் மிகவும் பலவீனமானது. நேர்கோடு, செங்கோணம், படிக்கட்டு, உருண்டை, தூண், சுவர், வட்டக்குழி ஆகிய எல்லாவற்றையும் இயற்கையே செய்யும், நேர்த்தியாகவும் செய்யும். பாறை எங்கிருந்து பிரிந்தது, எதன்மேல் எப்படி நிற்கிறது, அதன் முகத்தில் என்ன பட்டிருக்கிறது, சுற்றிலும் என்ன கிடக்கிறது என்பவைதான் நம்பத்தக்க சாட்சிகள். கீழே வரும் படிகள் தமிழ்நாட்டுக் கருங்கல் குன்றுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

பதில்கள் இரண்டல்ல, மூன்று

இயற்கையா, மனிதன் செய்ததா என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு போனால் பாதி இடங்களில் திணற நேரும். மூன்றாவது பெட்டி ஒன்று உண்டு: இயற்கையாக இருந்த பாறையில் மனிதன் கைவைத்தது. மாமல்லபுரத்தில் நடந்துபோகிற தூரத்துக்குள் மூன்றையும் பார்க்கலாம். வெண்ணெய் உருண்டை இயற்கை. கடற்கரைக் கோயில் கல்லை வெட்டி எடுத்து அடுக்கிக் கட்டியது. ஐந்து ரதங்கள் இருந்த இடத்திலேயே பாறையைக் குடைந்தவை. அர்ஜுனன் தபசுச் சிற்பத்தின் நடுவே நாகர்கள் நீந்திவரும் அந்தப் பிளவு பாறையில் முன்பே இருந்த பிளவு; சிற்பிகள் அதைக் கதைக்குள் இழுத்துக்கொண்டார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் பயிற்சியை அங்கே வைத்துக்கொள்வது நல்லது. விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பது மாதிரி.

எடுத்துப்போக வேண்டியவை

5 மீட்டர் டேப், 10 மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, திசைகாட்டி, நோட்டு, பென்சில், புகைப்படத்தில் அளவுக்கு வைக்க 10 சென்டிமீட்டர் குறித்த ஒரு பட்டை, நல்ல டார்ச், மெல்லிய பிரஷ். செல்போன் திசைகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம். காந்தம் பதித்த உறை போட்டிருந்தால் தவறு காட்டும். இரும்புத்தாது கலந்த கருப்புக்கல் பக்கத்தில் எந்தத் திசைகாட்டியும் தடுமாறும். கல்லின் மேல் வைத்துப் பார்க்காமல் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, கோட்டின் நேரே நோக்கி அளக்க வேண்டும்.

கொண்டுபோகக் கூடாதவை: சுத்தியல், உளி, கடப்பாரை, சாக்பீஸ், பெயின்ட். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று பாறை ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிப்பதும் கல்வெட்டில் சுண்ணாம்பு தடவுவதும் இன்னும் நடக்கின்றன. இரண்டும் திரும்பப் பெற முடியாத சேதம்.

நேரம் முக்கியம். காலை 7 முதல் 8.30 வரை, மாலை 4.30க்குப் பிறகு. வெயில் சாய்ந்து விழும்போதுதான் உளித்தடம், தேய்ந்த எழுத்து, ஆழமில்லாத குழி எல்லாம் நிழல் கட்டித் தெரியும். உச்சி வெயிலில் அதே பாறை மொழுமொழுவென்று இருக்கும். குகைக்குள்ளோ நிழலிலோ டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் அதே பலன் கிடைக்கும்.

போவதற்கு முன்

செயற்கைக்கோள் படத்தில் இடத்தைப் பாருங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ‘பூகோஷ்’ இணையதளத்தில் அந்தப் பகுதியின் பாறை வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். அங்கே என்ன கல் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால், இருக்கக் கூடாத கல் கண்ணில் பட்டதும் புரியும். இது பெரிய துப்பு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேலுள்ள கல் வங்காள வண்டல் மண்ணில் கிடைக்கிற கல்லே அல்ல. அது சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் வகை என்று 1890களில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் கண்டார். அந்தக் கல்லறையை வைத்துத்தான் அந்தப் பாறைக்கே சார்னோகைட் என்று பெயர் வந்தது. கல்லின் வகை இடத்தோடு பொருந்தவில்லையென்றால் அதைக் கொண்டுவந்தது யார் அல்லது எது என்று தேட வேண்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனியாறுகள் பெரும் பாறைகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமந்துபோய்ப் போட்டிருக்கின்றன. நம் சமவெளிகளில் அண்மைக் காலத்தில் அப்படிப் பனியாறு ஓடியதில்லை. ஆற்று வெள்ளமும் மலைச்சரிவும்தான் இங்கே கல்லை நகர்த்தும். இரண்டும் மேலிருந்து கீழே கொண்டுவருமே தவிர குன்றின் மேல் ஏற்றாது.

ஊரார் சொல்லும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாண்டவர் குழி, குள்ளர் குகை, முனியறை போன்ற பெயர்கள் பல இடங்களில் உண்மையான பெருங்கற்காலக் கல்திட்டைகளுக்கே (பலகைக்கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச் சின்னங்கள்) வழங்குகின்றன. ஆனால் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்ற பெயர் சமணர் படுக்கைகளுக்கும் உண்டு, வெறும் குகைக்கும் உண்டு. பெயர் நம்மை இடத்துக்கு அழைத்துப்போகும், அவ்வளவுதான்.

முதல் படி: தள்ளி நின்று பாருங்கள்

வந்ததும் பாறையைத் தொடப் போகாதீர்கள். 100 மீட்டர் தள்ளி நின்று சுற்றிலும் பாருங்கள். இதே மாதிரி இன்னும் எத்தனை இருக்கின்றன? முழுதாகப் பிரியாதது, பாதி பிரிந்தது, உருண்டது, உருண்டு விழுந்தது என்று எல்லா நிலையிலும் கிடக்கின்றனவா? அப்படிக் கிடந்தால் நீங்கள் பார்ப்பது ஒரு குடும்பம். நடுவில் நிற்கும் அதிசயம் அதில் ஒரு உறுப்பினர். செஞ்சி மலையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

உருண்டை எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கருங்கல் பூமிக்குள் ஆழத்தில் உருவானது. மேலே இருந்த சுமை பல கோடி ஆண்டுகளில் அரித்துப் போனதும் கல் விரிந்து வெடிக்கிறது. வெடிப்புகள் பெரும்பாலும் மூன்று திசைகளில், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்கோணத்தில் விழும். பாறை மண்ணுக்கு அடியிலேயே பெட்டி பெட்டியாகப் பிரிந்துவிடும். வெடிப்பு வழியே இறங்கும் நீர் கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக்கும். பெட்டியின் மூலையை நீர் மூன்று பக்கத்திலிருந்து தின்னும், விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து, முகத்தை ஒரே பக்கத்திலிருந்து. அதனால் மூலை முதலில் போகும், அடுத்து விளிம்பு. நடுவில் கெட்டியான உருண்டை மிஞ்சும். பிறகு மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போனதும் உருண்டைகள் வெளியே வந்து ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். யாரும் தூக்கி வைக்கவில்லை. சுற்றியிருந்த மண்தான் கீழே இறங்கிப் போனது. சாலைக்காக வெட்டிய மேட்டில் செம்மண்ணுக்குள் உருண்டைகள் பதிந்திருப்பதைப் பார்த்தால் இந்த வேலை பாதியில் நிற்கும் காட்சி கிடைக்கும். உருண்டையைச் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்குகள் இருக்கும். விரலால் நெருடினாலே உதிரும்.

இரண்டாம் படி: வெடிப்புகளின் திசையை அளங்கள்

எளிதான படி இதுதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். சந்தேகப்படும் கல்லைச் சுற்றி 50 மீட்டருக்குள், தரையோடு ஒட்டிய தாய்ப்பாறையில் தெரியும் வெடிப்புகளில் 20ஐத் தேர்ந்து திசையைக் குறியுங்கள். பெரும்பாலும் இரண்டு திசைகளில் திரளும். எடுத்துக்காட்டாக வடக்கிலிருந்து 20 பாகை, 110 பாகை. பிறகு ‘சுவர்’ அல்லது ‘படிக்கட்டு’ என்று சொல்லப்படுவதன் விளிம்புகளை அளங்கள். அவையும் அதே இரண்டு திசைகளில் விழுந்தால் அந்த விளிம்பைப் பாறையே போட்டுக்கொண்டது என்று கொள்ளலாம். விளிம்புகள் வேறு திசையில் திரும்பி நின்றால், அதுவும் பல கற்கள் ஒன்றாக அப்படித் திரும்பியிருந்தால், நிமிர்ந்து உட்காருங்கள்.

ஜப்பானின் யோனகுனித் தீவுக்கு அருகே கடலடியில் 1980களில் கண்டறியப்பட்ட படிக்கட்டுப் பாறை இன்றும் விவாதப் பொருள். ஜப்பானிய நிலவியலாளர் மசாக்கி கிமுரா அது மனிதர் செதுக்கியது என்றார்; நேரில் மூழ்கிப் பார்த்த அமெரிக்க நிலவியலாளர் ராபர்ட் ஷாக் அது பெரும்பாலும் இயற்கை என்றார். மணற்கல் அடுக்குகள் கிடைமட்டமாகவும் வெடிப்புகள் செங்குத்தாகவும் இருக்கிற பாறையில், அலை ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்தால் மிஞ்சுவது படிக்கட்டுதான். ஷாக்கின் வாதத்துக்கு அடித்தளம் இதுவே. நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மூன்றாம் படி: கல்லும் கல்லும் சேரும் இடம்

கொத்தனார் சுவர் கட்டும்போது இணைப்பின் மேல் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்வார். ஒரு வரிசையின் செங்குத்து இணைப்பு அடுத்த வரிசைக் கல்லின் நடுவில் வரும். இயற்கை வெடிப்பு பல அடுக்குகளை ஒரே கோடாக வெட்டிக்கொண்டு போகும். சுவர்போலத் தெரியும் எதிலும் முதலில் பார்க்க வேண்டியது இது. ஓர் எச்சரிக்கை: மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற அடுக்குப் பாறைகளில் வெடிப்பு ஓர் அடுக்கோடு நின்று அடுத்த அடுக்கில் தள்ளித் தொடங்குவதும் உண்டு. எனவே அடுத்த சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள்.

பக்கத்துப் பக்கத்துக் கற்களில் ஓடும் கோடுகளைப் பாருங்கள். வெள்ளைக்கல் நரம்பு, கருப்புப் பட்டை, மணலின் அடுக்குக் கோடு எதுவானாலும் சரி. ஒரு கல்லில் ஓடும் நரம்பு வெடிப்பைத் தாண்டி அடுத்த கல்லில் அதே உயரத்தில், அதே சரிவில் தொடர்ந்தால் அந்த இரண்டும் ஒரே பாறையாக இருந்து அங்கேயே பிளந்தவை. யாராவது அடுக்கியிருந்தால் அந்த நரம்பை இத்தனை துல்லியமாகச் சேர்த்திருக்க முடியாது. பஹாமாவில் 1968இல் பேசப்படத் தொடங்கிய, கடலடியில் கல் பாவியதுபோல் தெரியும் பிமினி ‘சாலை’ இப்படித்தான் தீர்ந்தது. துளையிட்டு எடுத்த மாதிரிகளில் அடுக்குகள் கல்லுக்குக் கல் தொடர்ந்தன. அது கடற்கரை மணல் சுண்ணாம்பால் இறுகி, பிறகு வெடித்த பாறை. அந்த வகைப் பாறை சில பத்தாண்டுகளிலேயே இறுகிவிடும்; கண்ணாடிப் பாட்டில் பதிந்த துண்டுகள்கூட உலகில் கிடைத்திருக்கின்றன.

இடுக்கில் வெள்ளையாக ஏதாவது இருந்தால் ‘சாந்து’ என்று குதிக்காதீர்கள். சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கட்டி நம் ஊர் வறண்ட மண்ணில் தானாக ஊறி வெடிப்புகளை நிரப்பும். எலுமிச்சைச் சாறு விட்டால் இரண்டுமே நுரைக்கக்கூடும். ஆகவே அந்தச் சோதனையால் பயனில்லை. கைக்கண்ணாடியில் பாருங்கள். சாந்தானால் சலித்த மணலும் செங்கல் தூளோ கரித்துகளோ கலந்திருக்கும். சுக்கானில் கிழங்கு கிழங்கான முடிச்சுகளும் வேர் ஓடிய துளைகளும் இருக்கும்.

சுவர் என்று ஏமாற்றுவதில் முதலிடம் ‘டைக்’ எனப்படும் கருப்புக்கல் சுவர்ப்பாறைகளுக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் பழைய பாறையைப் பிளந்துகொண்டு குழம்பாக மேலேறி உறைந்த டோலரைட் என்னும் கருப்புக்கல், நேர்கோடாகக் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. சுற்றிலும் உள்ள கல் அரித்துப் போனதும் இது சுவராக நிற்கும். உறையும்போது பக்கச் சுவருக்குக் குறுக்கே வெடிப்பதால் கட்டைகளைப் படுக்க வைத்து அடுக்கியதுபோலவும் இருக்கும். கண்டுபிடிக்க வழி: நடுவில் ஒரு சில்லையும் ஓரத்தில் ஒரு சில்லையும் கண்ணாடியில் பாருங்கள் (கீழே கிடப்பதைப் பாருங்கள், உடைக்க வேண்டாம்). ஓரம் சீக்கிரம் குளிர்ந்ததால் மணி பொடியாகவும் நடுப்பகுதி பெருமணியாகவும் இருக்கும். கோட்டைச் சுவர் மேட்டைப் பார்த்து வளைந்து போகும். இது மேடு பள்ளம் பார்க்காது. அமெரிக்காவின் டெக்சாஸில் ராக்வால் என்ற ஊருக்கே இப்படி ஒரு சுவரால்தான் பெயர் வந்தது. அங்கே இருப்பது வெடிப்பில் புகுந்து இறுகிய மணற்கல்.

ஆறுமூலைத் தூண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடிப்பதால் வருபவை. உடுப்பி அருகே மால்பேக்கு எதிரே உள்ள செயின்ட் மேரித் தீவுகளில் ஒருமுறை பார்த்தால் பிறகு எங்கும் அடையாளம் தெரியும்.

நான்காம் படி: பாறையின் முகம்

இரும்பு உளி கருங்கல்லில் விடும் தடம் சிறு குழிகளின் வரிசையாகவோ, ஒரே சாய்வில் போகும் குட்டிக் கோடுகளாகவோ இருக்கும். ஒரு கை ஒரு வாகில் அடித்த தாளம் அதில் தெரியும். அடிபட்ட மணிகள் நொறுங்கியிருப்பதைக் கைக்கண்ணாடி காட்டும். பழைய தடமென்றால் குழிக்குள்ளும் வெளியேயும் ஒரே நிறத்தில் கறை படிந்திருக்கும். குழிக்குள் மட்டும் வெளுத்திருந்தால் அண்மைக் காலத்து வேலை. மாமல்லபுரத்தில் முடியாமல் நின்ற குடைவரைகளில் பாறையைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, நடுவில் மிஞ்சிய கட்டங்களை உடைத்து எடுத்திருக்கிறார்கள். தேன்கூடுபோல் தெரியும் அந்தச் சதுரங்களை ஒருமுறை கண்ணில் பதித்துக்கொண்டால் போதும், வேறெங்கு கண்டாலும் தவறாது.

ஆப்புக்குழி இன்னொன்று. கல்லைப் பிளக்க ஒரே வரிசையில் சிறு செவ்வகக் குழிகள் வெட்டி, ஆப்பு இறக்குவார்கள். பிளந்த பிறகு ஒவ்வொரு பாதியின் விளிம்பிலும் அரைக்குழிகள் பல்வரிசைபோல் நிற்கும். சந்தேகத்துக்கு இடமில்லாத மனிதத் தடம் அது. ஆனால் காலத்தை அது சொல்லாது. நேற்றுவரை அதே முறையில்தான் கல் உடைத்தார்கள். இயற்கையான உருண்டையைச் சென்ற நூற்றாண்டில் யாரோ அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பிளக்கத் தொடங்கி விட்டிருக்கலாம். 3, 4 சென்டிமீட்டர் விட்டத்தில் நீளமான அரைக்குழாய்த் தடம் இருந்தால் அது இயந்திரத் துளை; பழமை பற்றிய பேச்சே வேண்டாம்.

ஏமாற்றும் முகங்களும் உண்டு. பாறை பெயர்ந்து நகரும்போது இரு முகங்களும் உரசிக் கண்ணாடிபோல் வழவழப்பாகி, ஒரே திசையில் இணைக்கோடுகள் விழும். ‘பழங்காலத்து இயந்திரம் அறுத்தது’ என்று பரவும் படங்களில் இது அடிக்கடி வருகிறது. அந்தக் கோடுகள் பாறைக்குள்ளும் தொடர்ந்து போவதைப் பிளவின் ஓரத்தில் பார்க்கலாம். வெடிப்பின் முகத்தில் இறகு விரித்ததுபோன்ற கோலம் தெரிந்தால் அதுவும் இயற்கைதான். வெடிப்பு ஓடிய திசையை அது காட்டுகிறது.

ஐந்தாம் படி: எதன்மேல் நிற்கிறது?

நிற்கும் கல்லிலும் தொங்கும் கல்லிலும் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். (கல்லுக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்காதீர்கள். பாம்பும் தேளும் அங்கேதான் இருக்கும்.) டார்ச் அடித்துப் பாருங்கள். மனிதர் வைத்த கல்லுக்கு அடியில் மட்டம் பார்க்கச் செருகிய சக்கைக் கற்கள் இருக்கும், அல்லது தாங்கும் கல்லில் குழி வெட்டியிருக்கும். நட்ட கல்லுக்குச் சுற்றிலும் முட்டுக்கொடுத்த கற்கள் மண்ணுக்குள் இறுக்கப்பட்டிருக்கும். இயற்கையாக அமர்ந்த கல்லில் தொடும் இடம் சிதைந்து, பொடி மணலாக இருக்கும்; மேலும் கீழும் ஒரே கல் வகை, நரம்பின் சரிவும் ஒன்றே.

சரிவில் நிற்கும் கல் ஏன் உருளவில்லை என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். தூரத்திலிருந்து தெரியும் சரிவை விட்டுவிட்டு, கல் தொடும் இடத்தின் சரிவை மட்டும் அளங்கள். கருங்கல் மேல் கருங்கல் சறுக்க ஏறக்குறைய 30 பாகைக்கு மேல் வேண்டும். தொடும் இடம் அதைவிடக் குறைந்த சரிவாக, கொஞ்சம் தட்டையாக இருந்து, கல்லின் நடுப்பாரம் அந்தத் தட்டைக்குள் இறங்கினால் போதும், நிற்கும். வெண்ணெய் உருண்டையை முன்பக்கமிருந்து மட்டும் பார்த்தால் முழு உருண்டை. பின்னால் போய்ப் பாருங்கள், ஒரு பக்கம் சீவியதுபோல் இருக்கும். படங்களில் அந்தப் பக்கம் பெரும்பாலும் வருவதில்லை.

குழிகள்

பாறை மேல் குழி என்றால் நான்கு சாத்தியம். மழைநீர் தேங்கி அரித்தது: ஓரம் ஒழுங்கற்று, தரை தட்டையாக, நீர் வழிய ஒரு வாய் இருக்கும். ஆறு கடைந்தது: கிணறுபோல் ஆழமாக, பக்கங்கள் வழவழவென்று, அடியில் கடைந்த கூழாங்கல்லே கிடக்கும், காவிரியிலும் தாமிரபரணியிலும் பார்க்கலாம். ஆறு இன்று இல்லாத மேட்டில் அத்தகைய குழி இருந்தால் பழைய ஆற்றுப்போக்கையும் தேடுங்கள். மூன்றாவது, மனிதர் தட்டி உண்டாக்கிய சிறு கிண்ணக்குழிகள்: சில சென்டிமீட்டர் அகலம், அரைக்கோள வடிவம், ஒரே அளவில் பல. நான்காவது, உரல்குழியும் கருவி தீட்டிய பள்ளமும். புதிய கற்காலக் கோடரியைத் தேய்த்த பள்ளம் படகுபோல் நீண்டு, விரலால் தடவினால் பட்டுப்போல் இருக்கும். சுற்றியுள்ள பாறை சொரசொரப்பாக இருக்கும். அந்த வேறுபாடுதான் சாட்சி.

குகைகளில் ஒன்றை மறக்காமல் பாருங்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில், மாங்குளத்திலும் கீழவளவிலும், குகை இயற்கையானது. ஆனால் நெற்றிப் பாறையில் மழைநீர் உள்ளே வழியாமலிருக்க நீளமாகக் காடி வெட்டியிருப்பார்கள். அதன் கீழே தமிழி எழுத்தும், தரையில் தலையணை மேட்டோடு வழவழப்பான படுக்கையும் இருக்கும். இது மூன்றாவது பெட்டி.

ஆறாம் படி: கல்திட்டைதானா?

பெருங்கற்காலச் சின்னங்களுக்குச் சொந்த இலக்கணம் உண்டு. கல்திட்டையில் நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்திருப்பார்கள். பக்கக் கற்கள் ஒன்றையொன்று தாண்டி நீண்டு, மேலிருந்து பார்க்கையில் சுவஸ்திகைபோல் பூட்டிக்கொள்ளும். அப்போதுதான் மண் அழுத்தத்தில் உள்ளே சாயாது. பல இடங்களில், பெரும்பாலும் கிழக்குப் பலகையில், வட்டத் துளை இருக்கும். பலகையின் இரு முகமும் இயற்கையாகவே இருக்கும், ஏனென்றால் பாறை பாளம் பாளமாக உரியும் இடத்தில்தான் எடுத்தார்கள். விளிம்பில்தான் அடித்துச் செதுக்கிய சில்லுத் தடங்கள் தெரியும். ஆகவே முகத்தைப் பார்த்து ‘இயற்கை’ என்று விட்டுவிடாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் பலகைகளின் தலையை வளைவாகவே செதுக்கியிருப்பதைக் காணலாம். இவை தனியாக ஒன்று இருப்பது அரிது. பத்து, இருபதாகவே இருக்கும். பக்கத்தில் கல்வட்டம், கற்குவியல், கருப்பு-சிவப்பு மட்கல ஓடு, இரும்புக் கசடு கிடக்கிறதா என்று நடந்து பாருங்கள். எதையும் எடுக்காதீர்கள். இருக்கும் இடத்தில் அளவுப்பட்டையோடு படம் எடுங்கள்.

மனிதர் செய்தது என்று உறுதியான பிறகும் காலத்தில் வழுக்கி விழலாம். சாலையோரம் இரண்டு கல் நட்டு மேலே குறுக்குக்கல் போட்டிருந்தால் அது கல்திட்டை ஆகாது. தலைச்சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கி. குளத்தங்கரையில் தனியாக நிற்கும் கல்லில் மாட்டின் தோள் உயரம்வரை மெருகு ஏறியிருந்தால் அது மாடு உரசிக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சு கல், நெடுங்கல் (பெருங்கற்காலத்தவர் நட்ட உயரமான ஒற்றைக்கல்) ஆகாது. ஏரிக்குள் இரட்டைத் தூணும் குறுக்குச் சட்டமும் நின்றால் அது நீரைத் திறந்துவிடும் தூம்பு. வயல் வரப்பில் ஒழுங்கில்லாமல் குவிந்திருப்பது உழவர் பொறுக்கிப் போட்ட கல். இவற்றில் பலவும் பாதுகாக்கத் தக்கவைதான், பெருங்கற்காலத்தவை அல்ல என்பதே விஷயம்.

எடைக் கணக்கு

உருண்டைக்கு நீளம் × அகலம் × உயரம் × 0.52 × 2.65 என்று பெருக்கினால் டன்னில் எடை கிடைக்கும் (அளவுகள் மீட்டரில்). வெண்ணெய் உருண்டைக்கு 6 × 5 × 5 என்று வைத்தால் 200 டன்னைத் தாண்டுகிறது. பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு 250 டன். பலகைக்கல்லுக்கு 0.52 வேண்டாம். 2.5 × 2 × 0.25 மீட்டர் மூடுகல் 3.3 டன்தான் வரும். கயிறும் உருளைக் கட்டையும் மண்சரிவும் இருந்தால் ஊரார் கூடி ஏற்றிவிடலாம். இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பிரான்சின் லோக்மரியாக்கேரில் உடைந்து கிடக்கும் நெடுங்கல் சுமார் 20 மீட்டர் நீளம், ஏறக்குறைய 300 டன். அதை மனிதர்கள் நகர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். எடை அதிகம் என்பதால் இயற்கை என்றும் சொல்ல முடியாது, அதிசயம் என்றும் சொல்ல முடியாது.

எழுதி வைக்கும் முறை

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து, கண்ட ஒவ்வொன்றையும் எந்தப் பெட்டிக்குச் சாதகம் என்று பதியுங்கள். ‘வடக்கு முகத்தில் 12 அரைக்குழிகள், 14 செ.மீ. இடைவெளி’ என்பது பதிவு. ‘மிகப் பழமையான வெட்டு’ என்பது கருத்து. அதைத் தனியாக எழுதுங்கள். கல்லைச் சுற்றி வட்டமாக நடந்து, ஒரு படத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வரும்படி 40, 50 படங்கள் எடுத்தால் பின்னால் கணினியில் முப்பரிமாண உருவம் செய்துகொள்ளலாம். எந்த அடையாளமும் கிடைக்கவில்லையென்றால் ‘இயற்கை, மாறான தடயம் எதுவும் காணவில்லை’ என்று தேதியோடு எழுதுங்கள். அடுத்து வருபவர் வேறு வெளிச்சத்தில் ஒன்றைக் காணக்கூடும்.

மனிதத் தடம் உறுதியானால் மாநிலத் தொல்லியல் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இடக்குறியீடு, படங்களோடு தெரிவியுங்கள். பொதுவெளியில் துல்லியமான இடத்தைப் போடாதீர்கள். புதையல் இருக்கிறதென்று மூடுகல்லைப் புரட்டிய கல்திட்டைகள் ஏராளம், உள்ளே இருந்ததோ எலும்பும் மட்கலமும்தான். தற்செயலாக மண்ணிலிருந்து ஏதாவது வெளிப்பட்டால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம். பக்கத்தில் குவாரி நடந்தால் கடிதத்தின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிட்டு, குவாரி விளிம்பிலிருந்து கல்வரை உள்ள தூரத்தை மீட்டரில் எழுதுங்கள்.